வைத்தியலிங்கத்தின் நீளம்

அடிக்கட்டும் சார், விடுங்க. எடுக்க மாட்டேன். பெங்களூர் நம்பர், யாருன்னு தெரியும். காலையிலயே ஒரு தடவை பேசிட்டாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பஸ் ஏறப் போறேன், அப்புறம் பேசுறேன்னு வெச்சிட்டேன். இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள பதில் வேணுமாம். நான் ஆமான்னு சொன்னா ஒரு பொண்ணுக்கு வேலை கெடைக்கும். இல்லன்னு சொன்னா கெடைக்காது. அதுக்குத்தான் இந்த அடி அடிக்குது.

உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன் போல. சத்தத்தைக் குறைச்சாலும் ஃபோன் அதிர்றது நிக்க மாட்டேங்குது. நீங்க எங்க, விழுப்புரமா? நான் பண்ருட்டி. அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷன், கட்டு பிரிச்சிருக்காங்க, பாக்கப் போறேன். பரவாயில்ல சார், பை இருக்கட்டும். நடுவுல வெச்சா எனக்கென்ன, நான் கொஞ்சம் சாஞ்சு உக்காந்துக்கறேன்.

என் பேரு ஞானசிகாமணி. ஞானசிகாமணி வைத்தியலிங்கம். வைத்தியலிங்கம் எங்கப்பா. ஊர்ல எல்லாரும் அப்பா பேரை ஒரு எழுத்தாக்கி முன்னாடி ஒட்டிக்குவாங்க, எனக்கு அது ஆகாது. டெலிபோன் டிபார்ட்மென்ட்ல கம்பம் ஏறி எறங்கி என்னைப் படிக்க வெச்சவரு. அவருக்கு ஒரே ஒரு எழுத்துதானா? பத்தாவது சர்ட்டிஃபிகேட்டுக்குப் பேர் எழுதறப்பவே ஹெட்மாஸ்டர்கிட்ட மல்லுக்கட்டி முழுசா எழுத வெச்சவன் நான்.

இதுவா? இது புது கம்பெனி கார்டு. அதுல பேரை வேற மாதிரி போட்டிருக்கு. பண்ருட்டி நெருங்கினதும் கழட்டி பைக்குள்ள வெச்சிடுவேன். அதை விடுங்க.

அந்தக் கேள்வி என்னன்னு இப்ப சொன்னா உங்களுக்குப் புரியாது. மொதல்லேருந்து சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்லணும்னு. எம் பக்கம் நியாயம் இருக்கா இல்லையான்னு ஒரு வெளியாள் சொல்லிக் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

நான் பாக்குறது அளக்குற வேலை. புரோகிராம் எழுதுறவங்க மனுஷனுக்குப் புரியுற பாஷையில எழுதுவாங்க. மெஷினுக்கு அது புரியாது. அதை மெஷின் பாஷைக்கு மாத்திக் குடுக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு, கம்பைலர்னு பேரு. கம்பைலர்ல பல தினுசு இருக்கு. ஒரே புரோகிராமை ரெண்டு கம்பைலர்கிட்ட குடுத்தா ரெண்டுமே மாத்திக் குடுக்கும், ஆனா ஒண்ணு குடுத்தது விறுவிறுன்னு ஓடும், இன்னொண்ணு குடுத்தது அசைஞ்சு அசைஞ்சு வரும். ஒரே அரிசி பருப்பை ரெண்டு சமையக்காரங்ககிட்ட குடுத்துப் பாருங்க, அந்த மாதிரி.

தரமணியில இருந்துச்சு எங்க கம்பெனி. இப்ப நான் அங்க இல்ல, அதனால பேர் வேண்டாம். சொந்தமா ஒரு கம்பைலர் பண்ணோம். உலகம் பூரா இலவசமா கெடைக்கிற கம்பைலர் ஒண்ணு இருக்கு, எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க. அதைவிட எங்களோடது வேகம்னு நிரூபிச்சாத்தான் யாராவது வாங்குவான். அதை நிரூபிக்கிறது என் பொறுப்பு. அந்த ஆபீஸ்ல ஒரு டஜன் குடும்பத்துச் சோறு என் அளவுகோல்ல இருந்துச்சுன்னு வெச்சுக்குங்களேன்.

நான் அளந்தா அளந்ததுதான் சார். பெருமைக்குச் சொல்லல. அளக்குறப்ப மெஷின்ல வேற எதுவும் ஓடக்கூடாது. இன்டர்நெட் ஒயரைப் புடுங்கிடுவேன். ஏ.சி.யைக்கூட எவனும் தொடக்கூடாது. இன்னொண்ணு, புரோகிராம் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் மெமரியில வேற வேற எடத்துல போய் உக்காரும், எவனும் உள்ள பூந்துடக்கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அதனால நம்பர் கொஞ்சம் ஆடும். அதையும் நிறுத்தி வெச்சேன். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே எடம், ஒரே நம்பர். டீம்ல எல்லாரும் இப்படித்தான் அளக்கணும்னு ரூல் போட்டவனும் நான்தான். என் நம்பர் ஆடவே ஆடாது.

எங்களோடது ஒன்பது சதவீதம் வேகம்னு வந்துச்சு. ஒன்பதுன்னா எங்க தொழில்ல லாட்டரி அடிச்ச மாதிரி. ஜெர்மனியில மழை புயலுக்குக் கணக்குப் போடுற ஒரு கம்பெனி ஆர்வமா இருந்துச்சு. நேர்ல வந்து பாக்குறோம், ஓட்டிக் காட்டுங்க, புடிச்சா வாங்குறோம்னு சொன்னாங்க. எங்க மேனேஜர் ஹேமச்சந்திரன் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாரு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு சேந்துச்சு. ரூபி. தூத்துக்குடி. ஆபீஸ்ல எல்லாரும் என்னை ஞானா ஞானான்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, அவ மட்டும் சார்னு கூப்பிட்டா. மரியாதை தெரிஞ்ச பொண்ணுன்னு நெனச்சேன். நானே உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுத்தேன். ஹேமச்சந்திரன் ஒரு நாள், "ஞானா, ஜெர்மன்காரங்க வர்றதுக்கு முன்னாடி ரூபியும் ஒரு தடவை அளந்து பாக்கட்டும். ரெண்டு கை பட்டதா இருக்கட்டும்"னாரு. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. சரின்னேன்.

அவ அளந்துட்டு வந்தா. வந்து நின்னா. என்னம்மான்னேன். "சார், எனக்கு வேற மாதிரி வருது. நம்மளோடது ஆறு சதவீதம் மெதுவா இருக்கு."

வேகம் இல்ல சார், மெதுவு. மைனஸ். எங்கேயோ தப்புப் பண்ணியிருக்க, போய்ப் பாருன்னு அனுப்பினேன். மறுபடியும் வந்தா. மறுபடியும் அதே ஆறு. ஆடாத நம்பர், என் ரூல்படியே அளந்திருக்கா. நான் அவ எடத்துக்குப் போய் நின்னு, அவளை ஓட்டச் சொன்னேன். ஆறு, மெதுவு. வா எங்கூடன்னு என் எடத்துக்குக் கூட்டிட்டு வந்து, என் மெஷின்ல ஓட்டிக் காமிச்சேன். ஒன்பது, வேகம். ரெண்டு மெஷினும் ஒரே பெட்டியில வந்த மாதிரி அச்சு அசல் ஒண்ணு. நான் அவ மூஞ்சியப் பாத்தேன், அவ ஸ்கிரீனைப் பாத்தா.

நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? என் மெஷின் சரி, அவ மெஷின்ல எதையோ பண்ணி வெச்சிருக்கான்னுதானே? ஒண்ணு கவனமில்ல, இல்ல வேணும்னே. அவ கூடப் படிச்சவன் ஒருத்தன் போட்டிக் கம்பெனியில இருந்தான், கேன்டீன்ல எவனோ சொன்னான். நான் எதையும் முடிவு பண்ணிடல. ஆனா மனசுல ஓடத்தானே செய்யும்?

மறுநாள் வந்து ஒண்ணு கேட்டா பாருங்க. "சார், உங்க மெஷின்ல என் ஐடி போட்டு ஓட்டிப் பாக்கட்டுமா? நீங்களும் என் மெஷின்ல உங்க ஐடியப் போட்டு ஓட்டிப் பாருங்க."

அதாவது அவ மெஷின்ல உக்காந்து என் பாஸ்வேர்டை நான் அடிக்கணும். எப்படி இருக்கு? அதுலதான் எனக்கு உறுதியாச்சு. உன் வேலையப் பாரும்மான்னேன். அவ போகல. "ஒரே ஒரு தடவை சார்"னா. முடியாதுன்னா முடியாதுன்னு கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தலையெல்லாம் திரும்பிச்சு. கண்ணு கலங்கிப் போனா. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, கல்லு மனசு ஒண்ணும் இல்ல.

செங்கல்பட்டு வந்தாச்சு. வெள்ளரிக்காய் வேணுமா சார்? எனக்கும் வேண்டாம்.

ஜெர்மன்காரங்க வர்ற வாரம் மீட்டிங். ஹேமச்சந்திரன், டீம் மொத்தமும். ரெண்டு பேர்ல யார் நம்பரைக் காட்டுறதுன்னு முடிவு பண்ணணும். மெதுவுன்னு அவ நம்பரைக் காட்டினா டீமை மூடிட்டுப் போக வேண்டியதுதான், எல்லாருக்கும் தெரியும். அந்த ரூம்ல ஒருத்தரும் டீயைத் தொடல. பிரசன்னான்னு ஒரு பையன், பொண்டாட்டிக்கு ஏழாவது மாசம், கால் ஆட்டிக்கிட்டே இருந்தான். அவன் ஆட்டுனதுல மேஜை ஆடுது.

ரூபி எழுந்து நின்னா. எல்லாரும் உக்காந்து பேசுற எடம், இவ ஸ்கூல்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி நின்னா. "நான் கண்டுபிடிச்சிட்டேன் சார். மெஷின்ல ஒண்ணும் இல்ல. கம்பைலர்லயும் இல்ல. சாரோட பேருலதான் இருக்கு"ன்னா.

எம் பேருல.

"சார் ஐடி ஞானசிகாமணி டாட் வைத்தியலிங்கம். நீளம். என் ஐடி ரூபி டாட் டி. குட்டை. பேரு நீளமா இருந்தா நம்ம கம்பைலர் வேகமாத் தெரியுது. குட்டையா இருந்தா மெதுவாத் தெரியுது. நாம எது வேகம்னு அளக்கவே இல்ல. யார் ஓட்டுறாங்கன்னுதான் அளந்திருக்கோம்."

உடனே எவனோ, "அப்ப ஞானா வேகமில்லப்பா, அவங்கப்பாதான் வேகம்"னான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. பிரசன்னாகூட சிரிச்சான் சார். அவ்வளவு நேரம் இறுகிக் கெடந்த ரூம், வெடிச்ச மாதிரி சிரிச்சுது. ஹேமச்சந்திரன் வாயை மூடிக்கிட்டு சிரிச்சாரு. எங்கப்பா எழுபத்தெட்டு வயசு ஆளு, பண்ருட்டியில தானுண்டு தன் பேப்பர் உண்டுன்னு உக்காந்திருக்காரு. தரமணியில அவர் பேரைச் சொல்லி ஊரே சிரிக்குது.

எங்கப்பா பேரை இழுக்காதேன்னேன்.

அவ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. "இல்ல சார், உங்கப்பா பேருக்கு மட்டும் இல்ல. அட்மின் கோதண்டம் அண்ணன்கிட்ட சொல்லி எங்கப்பா பேரை முழுசாப் போட்டு ஒரு ஐடி பண்ணிப் பாத்தேன். தேவசகாயம். என் மெஷின்லயும் ஒன்பது வருது"ன்னா.

மறுபடியும் சிரிப்பு. நீங்க சிரிக்கல, நல்ல மனுஷன். நான் எழுந்து நின்னேன். இந்தப் பொண்ணு இருந்தா நான் இல்ல, நான் இருந்தா இவ இல்லன்னேன். கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். நேரா ஹெச்.ஆர். போய்ப் புகார் குடுத்தேன். எல்லார் முன்னாடியும் என் தகப்பனைக் கேவலப்படுத்தினான்னு.

என் எடத்துல நின்னு பாருங்க. என் பேர் நீளமா இருக்கறதால கம்ப்யூட்டர் வேகமா ஓடுதுன்னு ஒருத்தி சொன்னா நீங்க நம்புவீங்களா? கிளி ஜோசியக்காரன் பேசுற பேச்சு மாதிரி இல்ல? பேர்ல ரெண்டு எழுத்து சேத்தா காசு வரும்னு சொல்ற மாதிரி? ஹேமச்சந்திரனும் நம்பல. நம்பினா மூடணும், அதனாலயும் நம்பல. அவளைக் கூப்பிட்டு நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடும்மான்னு சொல்லிட்டாங்க. அளவுல நம்பகத்தன்மை இல்லன்னு காரணம். அந்த வார்த்தை நான் குடுத்ததுதான். போற அன்னிக்கு என் எடத்துக்கு வந்தா. "சார், ஜெர்மன்காரங்க வர்ற அன்னிக்கு மட்டும் சின்ன ஐடியில ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. உங்களுக்காகத்தான் சொல்லுதேன்." தூத்துக்குடிப் பேச்சு. நான் தலை நிமிரல. அவ பையில ஒரு சில்வர் டிபன் பாக்ஸ் லொடலொடன்னு ஆடுற சத்தம் லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு.

மறுபடியும் அடிக்குது பாருங்க. அடிக்கட்டும். கதை முடியல.

ஜெர்மன்காரங்க வந்தாங்க. ரெண்டு பேர். அதுல பெரியவர் நல்ல உயரம், யான்னு பேரு, அவ்வளவுதான் பேரே. நான் என் மெஷின்ல ஓட்டிக் காமிச்சேன். ஒன்பது. தலையாட்டினாரு. ஹேமச்சந்திரன் மூஞ்சி பூரிச்சுப் போச்சு. நாங்களே ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமான்னாரு யான். தாராளமான்னு ஹேமச்சந்திரன் சொல்லிட்டாரு. கோதண்டத்தைக் கூப்பிட்டு விருந்தாளிக்கு ஒரு ஐடி போடச் சொன்னாங்க. கோதண்டம் கேட்டான், என்ன பேர் போடன்னு. யான்னு போடுப்பான்னாங்க.

கோதண்டம் என்னை ஒரு பார்வை பாத்தான் சார். அந்தப் பார்வையை மட்டும் என்னால மறக்க முடியல.

சின்ன ஐடி. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும், என்ன சொல்லி வேண்டாம்னு சொல்றது? அவர் என் நாற்காலியில உக்காந்தாரு. என் மெஷின், என் ரூல், ஏ.சி. கூட மாறல. ஓட ஆரம்பிச்சுது. பிரசன்னா பின்னாடி நிக்கிறான், அவன் மூச்சு விடுறது என் கழுத்துல படுது. நம்பர் வந்துச்சு. ஆறு. மெதுவு.

யான் மறுபடியும் ஓட்டினாரு. ஆறு. என் ஐடியில ஓட்டுங்க, என் ஐடியில ஓட்டுங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவருக்கு என்னன்னு புரியல. என்னைப் பாத்து சிரிச்சாரு, மரியாதையாத்தான். அப்புறம் ஹேமச்சந்திரனைப் பாத்து ஏதோ சொன்னாரு. சாயந்திரம் ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லச் சொன்னாங்க.

டீமை மூடிட்டாங்க. பிரசன்னாவுக்குக் கொழந்த பொறந்தப்ப வேலை இல்ல. ஹேமச்சந்திரன் இப்ப மதுரையில மாமனார் கடையப் பாத்துக்கறாரு, என் ஃபோனை எடுக்கறதில்ல.

இதுல யார் தப்புன்னு சொல்லுங்க. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தப் பொண்ணு ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது. விஷயம் இதுதான் சார். புரோகிராம் ஓட ஆரம்பிக்கும்போது கம்ப்யூட்டர் அதுக்கு ஒரு எடம் குடுக்கும். அந்த எடத்தோட தலைமாட்டுல, யார் ஓட்டுறாங்க, அவங்க ஃபோல்டர் எங்க இருக்குன்னு விவரமெல்லாம் எழுதி வெச்சுட்டு, அது முடியற எடத்துலேருந்துதான் புரோகிராமுக்கு எடம். பேர் நீளமா இருந்தா புரோகிராம் கொஞ்சம் தள்ளி உக்காரணும். இப்ப உங்க பை நடுவுல இருக்கு, நான் சாஞ்சு உக்காந்திருக்கேன், முன்னாடி கம்பி முட்டில இடிக்குது. பை இன்னும் கொஞ்சம் பெருசா இருந்து நான் இன்னும் தள்ளி உக்காந்திருந்தா, ஒருவேளை கம்பிக்கு அந்தப் பக்கம் கால் போயி வாட்டமாவே இருந்திருக்கும். அதே கதைதான். ஒரு கம்பைலர் குடுத்த புரோகிராமுக்கு அந்த எடம் வாட்டமா அமையும், இன்னொண்ணுக்கு இடிக்கும். கம்பைலர் மேல தப்பில்ல. எடத்தோட விஷயம். அந்த எடத்தை நான்தான் ஆடாம நிறுத்தி வெச்சிருந்தேனே, அதனால தப்பும் ஆடாம நின்னுடுச்சு.

இதை இப்படிச் சொல்லணும். அந்தத் தலைமாட்டு விவரத்துக்குச் சூழல்னு பேரு, அதனால இதுக்குச் சூழல் நீளம்னு பேர் வெச்சுச் சொல்லணும். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சாரோட பேர், சாரோட அப்பா பேர்னு சொன்னா யாருக்குத்தான் காது கேக்கும்? சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கா இல்லையா சார்?

எனக்கு எப்படித் தெரியும்னா, வேலை போனப்புறம் வீட்ல சும்மா இருந்தேன்ல, உக்காந்து நானே ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கொறைச்சு ஓட்டிப் பாத்தேன். முழுசா புரிஞ்சுது. இப்ப இருக்குற கம்பெனியில இன்டர்வியூல, பழைய டீமை ஏன் மூடுனாங்கன்னு கேட்டாங்க. இதைச் சொன்னேன். சூழல் நீளம்னு ஆரம்பிச்சு படம் போட்டுக் காமிச்சேன். அங்கயே கை குடுத்துட்டாங்க. இப்ப அந்த ஆபீஸ்ல யார் அளந்தாலும் தன் ஐடியில அளக்கக் கூடாது, வேற வேற நீளத்துல பல ஐடி போட்டு அளக்கணும். நான் போட்ட ரூல். என் பேரைச் சுருக்கி ஜி.வி. முறைன்னே பேர் ஆயிடுச்சு. அடுத்த மாசம் பெங்களூர்ல ஒரு பெரிய கூட்டம், இந்தத் தொழில்ல இருக்குறவங்க எல்லாரும் வருவாங்க. மேடையில நின்னு இதைப் பத்தி நான்தான் பேசப்போறேன்.

அவளா? ஊருக்குப் போயிட்டா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் வேலை கெடைக்கல. போற எடமெல்லாம் பழைய கம்பெனியில ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்கல்ல. ஸ்கூல் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கறாளாம். இப்பத்தான் பெங்களூர்ல ஒரு கம்பெனியில கடைசி இன்டர்வியூ வரைக்கும் வந்திருக்கா. பழைய லீடர் நம்பர் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. என் நம்பரைக் குடுத்திருக்கா. என்ன தைரியம் பாருங்க. நேத்து எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. இருங்க, காட்டுறேன். "சார், நடந்ததை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

அந்தக் கேள்வி என்னன்னு இப்ப உங்களுக்குப் புரியும். பேர் நீளத்தால அளவு மாறுதுன்னு கண்டுபிடிச்சது தான்தான்னு ரூபி அவங்ககிட்ட சொல்லியிருக்கா. காலையில ஃபோன் பண்ணவர் பார்த்திபன்னு ஒருத்தர், தமிழ்க்காரர்தான். அவர் கேட்டது இதுதான். "அதைக் கண்டுபிடிச்சது அவங்களா? அது உண்மைன்னா உடனே எடுத்துக்குவோம். இல்லன்னா, பொய் சொல்ற ஆளை அளக்குற வேலையில வெக்க முடியாது, பாருங்க."

நான் என்ன சொல்லணும்? இவர் அந்தக் கூட்டத்துக்கும் வருவாரு. முன்வரிசையில உக்காருவாரு. நான் மேடையில நிப்பேன். அவ சொன்னது ஒண்ணு சார், நான் சொல்றது வேற. அவ ஒரு ரெண்டு பேர் பேரை வெச்சு ஓட்டிப் பாத்தா. படம் போட்டு, பேர் வெச்சு, முறையாக்கினது யாரு? ஆனா அது இவங்களுக்கு எல்லாம் புரியாது. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் அவளோடதுன்னு ஆயிடும். இல்லன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. நான் அப்படிப்பட்டவன் இல்ல.

திண்டிவனம் வந்தாச்சு போல. தண்ணி குடிக்கிறீங்களா?

வருது. திரும்ப வருது. சரி, இந்தத் தடவை எடுத்துடறேன், ஓயமாட்டாங்க.

ஹலோ. ஆமா சார், சொல்லுங்க. பஸ்லதான் இருக்கேன், பரவாயில்ல, கேக்குது. ரூபி தேவசகாயம், ஆமா, என் டீம்தான். நல்ல பொண்ணு சார். கடுமையான உழைப்பாளி. எனக்கு அவங்க மேல ஒரு வருத்தமும் கெடையாது. அதா? அது வந்து சார், அது டீமா சேந்து பண்ணது. ஒருத்தர்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இல்ல இல்ல, பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். வயசு கம்மி, எல்லாருமா பண்ணதைத் தான் பண்ணதா நெனச்சிருக்கலாம். அவங்க அளவா? அதுல மட்டும் அந்த நேரத்துல கொஞ்சம் குழப்பம் இருந்துச்சு. ரெக்கார்டுல இருக்கும், பாத்துக்குங்க. சரி சார். எம் பேரா? ஜி.வி.ன்னு போட்டுக்குங்க. முழுப் பேரே அவ்வளவுதான் சார். ஆமா, ரெண்டு எழுத்து. எல்லாத்துலயும் இப்படித்தான் குடுத்திருக்கேன். சரி, கூட்டத்துல பாப்போம்.

அப்பாடா. முடிஞ்சுது. பாத்தீங்களா சார், ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா? நல்ல பொண்ணுன்னேன். உழைப்பாளின்னேன். பொய் சொல்லலன்னு கூடச் சொன்னேன். அவ அத்தனை பேரையும் என்னைப் பாத்து சிரிக்க வெச்சா, நான் அவளைப் பத்தி எவ்வளவு கௌரவமாப் பேசினேன்னு நீங்களே கேட்டீங்க. எல்லாம் சொல்ற விதத்துல இருக்கு.

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? இது திண்டிவனம்தான், விழுப்புரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. பையையும் எடுத்துக்கிட்டீங்களா? முன்னாடி சீட்டே இல்லையே. அவ்வளவு தூரம் நின்னுகிட்டேவா வரப்போறீங்க?